தழை வேற, பூ வேற

உக்கார மாட்டேன், ஃபாதர். உக்காந்தா மறுபடி எந்திரிக்க முட்டி விடாது. நின்னுகினே சொல்றேன். நீங்க மொதல்ல அந்த அங்கியக் கழட்டுங்க, வேர்த்து ஊத்துது உங்களுக்கு.

இல்ல. வாபஸ் வாங்க மாட்டேன்.

பூசை நடுவுல கத்துனது தப்பு. ஒத்துக்கறேன். உங்க ஆபீசுக்கு வந்து, கதவத் தட்டி, மெதுவா சொல்லியிருக்கலாம். போன ஞாயித்துக்கெழம மொத கல்யாண ஓலை வாசிச்சப்ப வாய மூடிகினு இருந்தவன் இன்னிக்கி ரெண்டாவது ஓலைக்கு மட்டும் எதுக்கு எந்திரிச்சேன்னு கேக்கறீங்க. நீங்கதானே மைக்குல வாசிச்சீங்க? சாம்பியன் ரீப்ஸ் ஏரியா மாணிக்கராஜ், ஃப்ளோரா, இவங்க மக கரோலின், இவானக் கட்டிக்கப் போறா, இதுக்குத் தடை எதுனா யாருக்காவது தெரிஞ்சா சொல்றது கடமைன்னு. நான்தான் மாணிக்கராஜ். எனக்குத் தெரிஞ்சுது, சொன்னேன். மாப்பிள்ள கஞ்சா விக்கறான்னு சொன்னேன். கீபோர்டு வாசிக்கறவன் கை அப்படியே நின்னுச்சு. பின்னாடி பெஞ்சுல எவனோ சிரிச்சான். சிரிச்சிட்டுப் போறான்.

இன்னா சொல்றீங்க? கஞ்சா இல்ல, ஹெம்ப்பா?

வாணாம் ஃபாதர். நீங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க. போனையும் உள்ள வைங்க. அதுல தேடிக் காட்டப் போறீங்க, எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி வீட்டுல. பெருசுக்கு வித்தியாசம் தெரியல, தங்க மைன்ஸ்ல கெடந்த ஆளு, என்னத்தையோ கேட்டுட்டு என்னத்தையோ கத்திடுச்சின்னு நெனைக்கறீங்க. அதானே? வெளிய போர்ட்டிகோல நிக்கற அத்தன பேரும் அதத்தான் பேசிகினு இருப்பாங்க. பேசட்டும்.

அந்த இவான் எடுத்தான் பாடம். நம்ம பங்கு ஹால்ல, முதியோர் சங்கத்துக்குன்னு. நீங்க அன்னிக்கி பெங்களூர் போயிருந்தீங்க. மொத வரிசையில உக்காந்து கேட்டவன் நான். வெள்ளத் துணி கட்டி, படம் போட்டு, கையில சின்னதா ஒரு லைட்டு வெச்சிகினு புள்ளி காட்டுனான். ஹெம்ப்பப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம்னு தலைப்பு. எல்லாருக்கும் ஒரு உருண்ட குடுத்தான், அந்த வெதைய வெல்லத்துல புடிச்சது. த்தூ. பாய நனைச்சி மென்ன மாதிரி இருந்துச்சு. ஃப்ளோரா மரியாதைக்கு ரெண்டு தின்னா. நான் கைக்குட்டையில துப்பி பாக்கெட்ல போட்டுகினேன்.

மொதல்ல எங்களுக்கு ஐஸ் வெச்சான். நீங்கள்லாம் ஷாஃப்ட்ல எறங்குனீங்களே அங்கிள், அந்தக் கேஜு கூண்டத் தாங்குன கம்பி ரோப்புக்கு நடுவுல இருந்தது இந்தச் செடியோட நார்தான், இது உங்க உசுரக் காப்பாத்துன செடின்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ரோப்புக்கு நடுவுல கிரீஸ் ஊறுன நார் இருக்கும், அது வாஸ்தவம். அது என்ன நாருன்னு அவனுக்கு எவன் சொன்னான்? எத்தினியோ நார் இருக்குது. விக்கறதுக்கு எங்க செத்த மைன்ஸையும் இஸ்துகினு வர்றான். அசிங்கம்.

அப்பால பாடம். சொல்லட்டா? எனக்கா ஒண்ணும் தெரியாது, அவன் சொன்னத சொல்றேன்.

செடி ஒண்ணுதான். ஹெம்ப்பும் அதுதான், கஞ்சாவும் அதுதான். அண்ணன் தம்பி மாதிரின்னான். செடிக்குள்ள நூத்துக்கும் மேல சரக்கு இருக்குதாம். அதுல ரெண்டுதான் பெரிய தலைங்க. டிஹெச்சின்னு ஒண்ணு, அதுதான் மண்டைக்கு ஏத்தறது. சிபிடின்னு இன்னொண்ணு, அது ஏத்தாது. ஏத்தற சரக்கு ரொம்பக் கம்மியா இருக்கற மாதிரி வளத்தா அதுக்குப் பேரு ஹெம்ப்பு. எவ்ளோ கம்மின்னா, நூறுல ஒண்ணுகூட இல்ல, அதுலயும் மூணுல ஒரு பங்குன்னு வெச்சிக்கலாம்னான். வெளிநாட்டுலயும், வடக்குல மலைப்பக்கம் ஒண்ணு ரெண்டு ஸ்டேட்லயும் அப்படித்தான் கணக்காம். அங்க லைசென்ஸ் குடுக்கறாங்க, வளக்கலாம். இங்க நம்ம வீட்டுத் தொட்டியில வெச்சா கம்பிதான்.

அப்ப சிரில் எந்திரிச்சான். தெரியுமில்ல, காணிக்கை எடுக்கற சிரில். தம்பி, இத அடிச்சா ஏறுமான்னு கேட்டான். ஏறாது அங்கிள்னான் இவன். அப்ப எதுக்கு இதுன்னு கேட்டுட்டு உக்காந்துட்டான். ஹால் முழுக்க சிரிப்பு. இவானுக்கு மட்டும் சிரிப்பு வரல. அவனுக்கு அவன் தொழில் மேல பக்தி. ஜபமால சொல்ற மாதிரி சொல்லிகினே போறான்.

வெதையில ஒண்ணுமே இல்ல, வெறும் எண்ணெயும் சத்தும்தானாம். சாப்பாடுன்னு நாலஞ்சு வருஷத்துக்கு முன்ன கவர்மெண்டே ஒத்துகிச்சாம். அந்த உருண்ட அதுதான். தழையில எடுக்கற எண்ணெய் இருக்குது, அது மருந்து. டாக்டர் சீட்டு வேணும், ஆயுர்வேத லைசென்ஸ் வேணும். வலிக்கு, தூக்கத்துக்குன்னு குடுக்கறாங்க. எல்லாருக்கும் கேக்குமான்னு ஃப்ளோரா கேட்டா. ஒரு மாதிரி வலிப்புக்குத்தான் நல்லா நிரூபிச்சிருக்காங்க ஆன்ட்டி, மத்ததெல்லாம் இன்னும் பாத்துகினு இருக்காங்க, ரத்தம் நீத்துப்போவ மாத்தர சாப்பிடறவங்க கேக்காம தொடக்கூடாதுன்னான். அதுல பொய் சொல்லல. அதுக்கு ஒரு மார்க் போடுங்க.

பூவு மட்டும் தொடக்கூடாது. பூவும் காயும் புடிச்ச கொண்ட இருக்குது பாருங்க, அதுதான் சட்டத்துல கஞ்சா. எண்பத்தஞ்சுல போட்ட சட்டம். அந்தப் பிசின எடுத்து உருட்டுனா சரஸ், அதுவும் குத்தம். வெதையும் தழையும், கொண்டையோட ஒட்டாம தனியா இருந்தா, அது கஞ்சாவே இல்ல. அது ஸ்டேட் கவர்மெண்ட் பாத்துக்கற விஷயம். தழ வேற அங்கிள், பூ வேறன்னு அந்தச் செவப்புப் புள்ளிய தழ மேல ஒருவாட்டி, பூ மேல ஒருவாட்டி வெச்சிக் காட்டுனான்.

புரிஞ்சுதா ஃபாதர்? ஒரே வேரு, ஒரே தண்டு. தழையக் கசக்கி பாட்டில்ல போட்டு, மேல தங்க எழுத்துல பேர் அடிச்சா, பேங்க்ல லோன் தர்றான், பேப்பர்ல போட்டோ போடறான். நாலு வெரக்கட மேல பூவத் தொட்டா வெலங்கு. யாரு போட்ட கோடோ. இருக்கட்டும், கோடுன்னா கோடு. நான் அதப் பத்திப் பேச வரல.

ஆமா. தெரியும். அவன் செய்யறது சட்டப்படி சரி. லைசென்ஸ் பாத்தேன், கண்ணாடி போட்டுகினு பாத்தேன். வெதையும் தழ எண்ணெயும்தான் விக்கறான்.

தெரிஞ்சேதான் கத்துனேன்.

தண்ணி வாணாம். மூச்சு எனக்கு எப்பவும் இப்படித்தான், மைன்ஸ் தூசி. நீங்க பயப்படாதீங்க.

அவதூறா? கேஸ் போடட்டும். போடுவானான்னு பாக்கறேன். போட மாட்டான். கஞ்சாங்கற வார்த்த அவன் பேரு பக்கத்துல பேப்பர்ல வந்துடக் கூடாது, அதுக்கு உசுரக் குடுப்பான். அதுதான் விஷயமே.

கிளமெண்ட் பத்தி உங்களுக்கு யாரும் சொல்லலியா? என் மூத்தவன். கரோலினோட அண்ணன். நீங்க இந்தப் பங்குக்கு வர்றதுக்கு முன்னயே உள்ள போயிட்டான், அதான் பாத்திருக்க மாட்டீங்க. பாக்கற மூஞ்சியும் இல்ல. டெம்போ ஓட்டுனான். கஞ்சா குடிப்பான். நான் மறைக்க மாட்டேன், ஸ்கெலட்டன் ஏரியா பக்கம் எந்தத் தெருவுல கேட்டாலும் சொல்லுவாங்க. ஃப்ளோரா அழுது பாத்தா, நான் அடிச்சிப் பாத்தேன், கேக்கல. சீன்னு விட்டுட்டேன்.

ஆந்திரா பார்டர்ல ஒரு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்துனாங்க. சீட்டுக்கு அடியில ஒரு பொட்டலம், அது இவனோடது. பூவு. பின்னாடி ஒரு மூட்ட, கூலிக்கு ஏத்துனது. காஞ்ச தழையும் தண்டும். என்னன்னு தெரியாம ஏத்துனான்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சிதான் ஏத்துனான், கழுத. ஆனா மூட்டையில பூ இல்லன்னு சத்தியம் பண்றான். அம்மா மேல பண்றான். பொட்டலத்தையும் மூட்டையையும் ஒண்ணா தராசுல வெச்சி, மொத்தமும் கஞ்சான்னு பறிமுதல் மகஜர்ல எழுதிட்டாங்க. இருபது கிலோவத் தாண்டிடுச்சு. தாண்டிட்டா பெயில் கெடைக்கறது குதிரக்கொம்பு. பொட்டலம் மட்டும்னா கிலோ கூட வராது, அன்னிக்கே வெளிய வந்திருப்பான். ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் கேஸ் ஆரம்பிக்கவே இல்ல.

பண்ணதுக்கு எவ்ளோ உண்டோ அவ்ளோ இருக்கட்டும், ஃபாதர். நான் ஒருவாட்டி கூட பாவம்னு சொன்னதில்ல. பண்ணாததுக்கு எதுக்கு இருக்கணும்?

இது எனக்கு எப்பத் தெரிஞ்சுதுங்கறீங்க? அந்த ஹால்லதான். செவப்புப் புள்ளி தழ மேல நின்னப்ப. ஃப்ளோராவும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினோம். அது வரைக்கும் மூட்டன்னா மூட்ட, கஞ்சான்னா கஞ்சான்னு கெடந்தோம். மறுநா காலையில வக்கீல் பாஸ்கரன் வீட்டுக்குப் போயிட்டேன், அந்த ஆளு பல்லு வெளக்கிகினு இருந்தாரு. வாயில நுரையோட கேட்டாரு. பெருசு, சட்டத்துல இருக்கறது எனக்குத் தெரியும், லேப் ரிப்போர்ட்ல செடி இதுதான்னு மட்டும் வந்திருக்குது, தழையா பூவான்னு பிரிச்சி ஒண்ணும் எழுதல, அத நான் கேக்கணும்னா செடியப் படிச்ச ஆளு ஒருத்தன் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், எப்படிப் பிரிச்சிப் பாக்கணும்னு கோர்ட்ல வந்து சொல்லணும், அப்படி யாருனா இருக்கானான்னாரு.

இருக்கான்னேன். என் மாப்பிள்ளையாவப் போறவன்னேன். சந்தோஷமா சொன்னேன், ஃபாதர்.

போனேன், நம்ம மைசூர் மைன்ஸ் ஏரியா பக்கம், அவங்க வீட்டுக்கு. அவங்க அப்பா ஃபேக்டரியில இன்ஜினியரா இருந்தவரு, நல்ல மனுஷன், காபி குடுத்தாரு. இவான் அக்ரி படிச்சவன், இந்தச் செடியிலயே பெரிய படிப்பு படிச்சவன். ஹால்ல சொன்னத கோர்ட்ல சொல்லு தம்பி, பொய் சொல்ல வாணாம், மூட்டையத் தொறந்து பாரு, பூ இருந்தா பூன்னே சொல்லுன்னேன். அவன் கப்ப கீழ வெச்சிட்டு சொன்னான்.

அங்கிள், என் கம்பெனி பேரு ஒரு கஞ்சா கேஸ்ல வரக் கூடாது. கல்யாணக் கார்டுலயும் கிளமெண்ட் பேரு வாணாம்.

கேட்டீங்களா?

காபிய அப்படியே வெச்சிட்டு வந்துட்டேன். ஊரு ஊராப் போறான், வெள்ளத் துணி கட்டறான், ஜனங்களுக்கு பயம் போவணும், தெரியாததாலதான் பயப்படறாங்க, இது கெட்ட செடி இல்லன்னு மேடையில உருகறான். அதே தெரியாத்தனத்துல ஒருத்தன் உள்ள கெடக்கறான், அவன் பொண்டாட்டியாவப் போறவளோட அண்ணன். அங்க வந்து ரெண்டு வார்த்த சொல்ல மாட்டான். வெதைய விப்பான், தழைய விப்பான், தெரிஞ்சத விப்பான். சும்மாத் தர மாட்டான். இதத்தான் சொல்றேன். செடி மேல எனக்கு இன்னா கோவம்? அது சும்மா மொளைச்சிகினு இருக்குது.

தெரியும். திருச்சபைச் சட்டத்துல இது தடை இல்ல. ஏற்கெனவே கட்டினவனா இல்ல, சொந்த ரத்தமும் இல்ல. பயந்தாங்கொள்ளியா இருக்கறது தடைன்னு எங்கயும் எழுதல. நீங்க மேலிடத்துக்கு எழுதுனாலும் ஒரே வரியில தள்ளிடுவாங்க. தள்ளட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை வாசிப்பீங்க இல்ல? மறுபடி எந்திரிப்பேன். இன்னிக்கி ஒரு வரி சொன்னேன், அன்னிக்கி முழுசா சொல்லுவேன், மூட்ட, பொட்டலம், காபி, கார்டு, எல்லாம். வாசல்ல வேணா ஆள் போட்டு நிறுத்துங்க. கோயில் சொவரு அவ்ளோ ஒண்ணும் கெட்டி இல்ல, வெளிய நின்னு சொன்னாலும் கேக்கும்.

அவன் பாஸ்கரன் வீட்டுக்குப் போயி கையெழுத்துப் போடட்டும். அன்னிக்கே நான் உங்க மைக்குல வந்து, மாப்பிள்ள யோக்கியன், கெழவன்தான் மடையன்னு சொல்றேன். எல்லாரும் நல்லா சிரிக்கட்டும். கிளமெண்ட் வர்றானோ இல்லியோ, அது கடவுளும் ஜட்ஜும் பாத்துக்கட்டும். மூட்டைய ஒருத்தன் தொறந்து பாக்கணும். அவ்ளோதான் எனக்கு.

இல்ல, நான் எந்திரிக்கப் போறது ஃப்ளோராவுக்குத் தெரியாது. அவ அந்த மாதா சுருபத்துகிட்ட அழுதுகினு இருப்பா, முடிஞ்சதும் வந்து என்னத் திட்டுவா. திட்டு எனக்குப் பழக்கம்தான்.

இன்னா கேக்கறீங்க? சத்தமா கேளுங்க, ஒரு காது எனக்கு டைனமைட்டுல போச்சு.

கரோலினப் பத்தியா?

அவளுக்கு அவமானம்தான். முப்பது வயசுல, இவ்ளோ நாளு ட்ரெயின்ல பெங்களூருக்குப் போயி வந்து வீட்ட நடத்திகினு, இப்பதான் ஒண்ணு அமைஞ்சுது. அவனப் புடிக்கும் அவளுக்கு. ரொம்பப் புடிக்கும், எனக்கே தெரியும். பெத்த அப்பனே சபை நடுவுல எந்திரிச்சிக் கெடுத்தான்னு நீங்க நெனைக்கறதும் சரி.

நீங்க பீடத்துல இருந்து பாத்தீங்களே, நான் கத்துனப்ப எங்கள? ஃப்ளோரா என் சட்டையப் புடிச்சி கீழ இழுத்தா. அந்தப் பக்கம் கரோலின். அவ இழுத்தாளா?

நேத்து துணி மடிச்சிகினே சொன்னா, ஃபாதர். டாடி, நான் கேட்டு அவரு செஞ்சா எனக்காக செஞ்ச மாதிரி ஆயிடும், நான் மாட்டேன்னு சொல்லி முறிச்சிட்டா அவரு பாட்டுக்குப் போயிடுவாரு, எனக்கு அவரு வேணும், ஆனா எப்படிப்பட்டவருன்னு தெரிஞ்சிகினு வேணும்னா. காலையில ஓலை வாசிக்க நீங்க பேப்பர விரிச்சீங்க. உக்காந்தே இருந்துட்டேன், விட்டுடலாம்னு.

அவதான் முழங்கையால இடிச்சா. எந்திரி டாடின்னு.